உன் பக்கத்து வரிசை

தம்பிக்கு,

மழை வருகிறதாம். கொடியிலேயே சுருங்கி இனிக்கட்டும் என்று டிசம்பர் வரை விட்டிருந்த பெத்தி மான்சாங் திராட்சையை இன்று பறித்தேன். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு இதுதான் முதல் அறுவடை.

வரிசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, நடுவில் இலைகளும் நம் சண்டையும் என்று முப்பது வருடம் பழகிய கை. ஒவ்வொரு வரிசையாக முடித்துக்கொண்டே போனேன்.

பக்கத்துத் தோட்டத்து மார்சலின் வேலியோரம் நின்று சிரித்தார். "என்னம்மா, பாதியைக் குருவிக்கா விட்டுட்ட?"

திரும்பிப் பார்த்தேன். எல்லா வரிசையிலும் உன் பக்கத்துக் குலைகள் அப்படியே தொங்கின.

"அது என் தம்பி பக்கம்" என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உன் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். மழை நாளை மதியத்துக்கு மேல்தானாம்.

அக்கா