கண்ணாடி மேசை விஷயமாகச் சம்பந்தியம்மாவுக்கு

சம்பந்தியம்மா,

உங்கள் மேசையை நான் வேண்டுமென்று உடைக்கவில்லை. கோபாலபுரத்தில் இருக்கும் உங்கள் தங்கை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "பன்னண்டு வருஷமா அந்தம்மா காத்துக்கிட்டிருந்தாங்க. எங்கக்கா கண்ணை மூடினதும் போட்டு உடைச்சுட்டாங்க" என்று அவள் யாரிடமோ சொல்ல, அந்தப் பேச்சு அடையாறு வரை வந்து, எங்கள் குடியிருப்பின் காவலாளிகூட என்னை இப்போது ஒரு பயத்தோடு பார்க்கிறார். உடைத்தது நான்தான். அதை மறுக்கவில்லை. 'வேண்டுமென்று' என்பதை மட்டும் மறுக்கிறேன்.

இன்று காலை ஃபிரிட்ஜுக்கு அடியில் பெருக்கியபோது ஒரு கண்ணாடித் துண்டு கிடைத்தது. கல்கண்டு அளவுதான் இருக்கும். இரண்டு மாதமாகத் தினமும் பெருக்குகிற இடம். அதை ஒரு கிண்ணத்தில் போட்டு எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரோடு கூடத்துக்கு வந்தேன். சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்க மேசைமேல் இருக்கவேண்டிய பிரிமணை, இளவரசி வேடம் போட்டிருந்த நம் பேத்தியின் தலையில் கிரீடமாக இருந்தது. அவள் அடுத்த அறையில் ஆட்சி செய்துகொண்டிருந்தாள். "கொண்டு வாடி" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். கை கடுத்தது. ஒரு நிமிடம்தானே என்று குக்கரைக் கண்ணாடிமேல் வைத்தேன். அந்த ஒரு நிமிடத்தைக்கூட உங்கள் மேசை எனக்குத் தரவில்லை.

அது வந்த நாள் நினைவிருக்கிறதா? என் மகனும் உங்கள் பெண்ணும் அடையாறில் குடித்தனம் தொடங்கியபோது நீங்கள் சீராக அனுப்பியது. ஆறு பேர் உட்காரலாம். எவர்சில்வர் கால்கள், கத்திபோல் நான்கு முனைகள்.

"கண்ணாடியா? நாளைக்குக் குழந்தைங்க பொறந்தா?" என்றேன்.

"பொறக்கட்டும் சம்பந்தியம்மா. நம்ம வீட்டுக் குழந்தைங்க கண்ணாடியை உடைக்குமா?" என்றீர்கள்.

நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. குழந்தைகள் உடைக்கவில்லை.

கண்ணாடி மேசையில் ஒளிவுமறைவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இருவரும் சாப்பிட வருவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மூன்றாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டும்போது, மேலே நீங்கள் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள். கீழே உங்கள் கால் கட்டைவிரல் அவர் பாதத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அவர் கை பாதி வழியில் நின்று, தண்ணீர்ச் செம்பை எடுக்கும். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். நீங்களும் சும்மா இருந்தவரில்லை.

"என்ன சம்பந்தியம்மா, சாப்பிடும்போது காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? உங்க கான்வென்ட்ல கைக்கு மட்டும்தான் பாடம் நடத்தினாங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். முழங்கையை மேசைமேல் ஊன்றாமல் சாப்பிட எனக்குப் பத்து வருடம் கற்பித்தார்கள். காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேசைகள் மரமாக இருந்த காலம்.

பேரனுக்கு மூன்று வயதானபோது ஓடிவந்து அந்த முனையில் மோதிக்கொண்டான். புருவத்தில் மூன்று தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையெல்லாம் ரத்தமாக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றேன். அடுத்த வாரம் ஸ்பாஞ்சும் டேப்பும் வாங்கிவந்து நான்கு முனைகளுக்கும் கட்டுப் போட்டீர்கள். அடிபட்டது பையனுக்கா மேசைக்கா என்று பார்க்கிறவர்கள் குழம்பினார்கள். அன்று வராந்தாவில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். உங்களிடம் சொன்னதில்லை. போன வருடம் நீங்கள் போகும்வரைக்கும் சொல்லவில்லை.

குக்கர் விழுந்த அன்று உங்கள் பெண் ஓடிவந்து முதலில் என் பாதங்களைத்தான் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே அத்தை?" என்றாள். பிறகு முறத்தை எடுத்து அள்ள ஆரம்பித்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் யாராவது மேசை என்று சொன்னாலே அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடும். இரண்டு மாதம் பாய் விரித்துத் தரையில் சாப்பிட்டோம். உட்காருவதை நானே செய்துகொள்வேன். எழுந்திருக்க ஒரு பக்கம் மகனும் இன்னொரு பக்கம் பேரனும் வேண்டும். "ஒன், டூ, த்ரீ, தூக்கு!" என்று பேரன் துறைமுகத்தில் சரக்கு இறக்குவதுபோல் கத்துவான்.

முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டேன். உங்கள் தங்கை சொல்வதை உங்கள் பெண்ணும் நம்புகிறாளோ என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்கவும் துணிவில்லை. போன மாதம் ஒரு நாள், "நான் தி. நகர் போய் மேசை பார்க்கப்போறேன், ஆட்டோ கூப்பிடு" என்றேன். தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் கிளம்பினாள்.

முதலில் ஒரு பெரிய கடை. ஏ.சி. குளிரில் நின்ற பிள்ளை, "லைஃப்லாங் வரும் மேடம்" என்று ஒரு மேசையைக் காட்டினான். ஒரு விரலால் தள்ளினேன். ஆடியது.

"ஆடுதே?"

"ஃப்ளோர் சரியில்ல மேடம்."

பக்கத்துச் சந்தில் ஒரு பாயின் மரச்சாமான் பட்டறைக்குப் போனோம். தேக்கு விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

"வூட்ல எத்தினி பசங்கம்மா?" என்றார் பாய்.

"ரெண்டு."

"அப்போ தேக்கு இன்னாத்துக்கு? ரப்பர் மரமே போதும். கனமா கீது, ஆடாது. முனையெல்லாம் உருட்டித் தரேன். ஒரு பக்கம் பெஞ்சு போட்டுக்கோங்க, எத்தினி பசங்க வந்தாலும் நெருக்கிக்கினு உட்காரும்."

நான் கைப்பையைத் திறந்து மஞ்சள்தூள், பேரனின் காம்பஸ், ஃபிளாஸ்கில் வெந்நீர், ஒரு டம்ளர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன்.

"இன்னாம்மா, மேசை வாங்க வந்தீங்களா, பரிட்சை நடத்த வந்தீங்களா?" என்று பாய் பதறி, மேசையை விட்டுவிடச் சொல்லி அதே மரத்தில் ஒரு துண்டுப் பலகையைக் கொடுத்தார். மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். கொதிநீர் டம்ளரைப் பத்து நிமிடம் வைத்தேன். காம்பஸால் கீறினேன். துடைத்தபோது மஞ்சள் ஏறக்குறைய போய்விட்டது. வெந்நீர் தடம் விடவில்லை. கீறல் மட்டும் நின்றது.

"தேச்சி பாலிஷ் போட்டா அதுவும் போயிரும். மரத்தூள் பலகைல மைக்கா ஒட்டித் தருவாங்க பாருங்க, அதுல ஓரத்துல தண்ணி பூந்தா அப்படியே உப்பிக்கும்" என்றார்.

எனக்குத் திருப்திதான். ஆனால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடிப் பலகை முன்னால் உங்கள் பெண் நின்றுகொண்டிருந்தாள். அதன் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிவைச் சொல்லுங்கம்மா" என்றார் பாய்.

அவள் திரும்பி, "நீங்க சொல்லுங்க அத்தை" என்றாள்.

"கண்ணாடியே போடுங்க பாய்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது.

பாய் மஞ்சள் பூசிய பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இவ்ளோ நேரம் இதுக்கு நலங்கு வெச்சீங்களே, அது இன்னாத்துக்கு?"

உங்கள் பெண் சிரித்துவிட்டாள். மேசை உடைந்ததிலிருந்து முதல் சிரிப்பு. சிரிப்பு நிற்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம் அத்தை. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ சொன்னாங்க. 'கண்ணாடி வாங்கினது தப்புடி. உங்க அத்தை சொன்னதுதான் சரி. ஆனா அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே, அப்புறம் அவங்களைப் பிடிக்க முடியாது'ன்னு."

ரப்பர் மரமே வாங்கினோம். போன வாரம் வந்தது. அதில்தான் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் நான் சொன்ன ஒன்று சரி என்றாகிவிட்டது. ஆனால் சொல்லிக்காட்ட நீங்கள் இல்லாதபோது, சரியாக இருப்பதில் அப்படி ஒன்றும் சுகமில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பட்டறையில் அதைச் சொன்னபோது உங்கள் பெண்ணின் முகத்தைக் கவனித்தேன். என் பாகற்காய்ப் பிட்லை நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதும் அவளுக்கு அதே முகம்தான். அந்தப் பிட்லையைப் பேரன் தொடமாட்டான். ஆகவே, நீங்கள் அப்படிச் சொன்னதாக அவளே இட்டுக்கட்டியிருக்கலாம். அப்படியானால் என்னைத் தேற்றுவதற்காகப் பெற்ற தாயையே தப்பு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறாள். உங்கள் தங்கையின் பேச்சை அவள் நம்பவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். இல்லை, நீங்கள் சொன்னதே உண்மை என்றால், நேரில் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வாரம் ஆடியிருப்பேன். பிறகு, அந்த வராந்தாவில் பேசியது என் தப்பு என்று நானும் சொல்லியிருப்பேன்.

இரண்டில் எது என்று அவளிடம் கேட்கமாட்டேன். உங்களைத்தான் கேட்கவேண்டும். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா, இல்லையா? இரண்டு வரியானாலும் போதும். பதில் எழுதுங்கள்.