மெந்தால் டிஷ்யூ பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கையின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் குழந்தை பார்க்கும் இந்த வேலையிலிருந்து அரை நாள் நீக்கப்பட்டேன். பதறாதே. எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. மூக்குத் துடைக்க அதன் அம்மா மெந்தால் தடவிய டிஷ்யூ வாங்கி வந்தாள். சிறு குழந்தைகளுக்கு ஆகாது என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என் கண்ணாடிக்கு அது தப்புமா?

“சளிக்குன்னுதானே ஆன்ட்டி விக்கிறாங்க?”

“பெரியவங்க சளிக்கும்மா. மெந்தால் புதினாவுலேருந்து எடுக்கறது. நமக்கு மூக்கு திறந்த மாதிரி ஜில்லுனு இருக்கும். பச்சைக் குழந்தைக்கு மூச்சு திணறிடும்.”

“இங்க யாரு அம்மா? நானா, நீங்களா?”

“நீதான். ஆனா இதைக் குழந்தை மூக்குல வைக்க விடமாட்டேன்.”

“அப்போ கிளம்புங்க.”

கிளம்பினேன், பெட்டியை என் பையில் போட்டுக்கொண்டு. நம் பள்ளி சிஸ்டர்கள் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள்.

மாலையில் குழந்தையோடு அவளே என் அறைக்கு வந்தாள். டாக்டரும் அதையே சொன்னாராம். “பெட்டியைத் திருப்பித் தரமாட்டேன்” என்றேன். சிரித்துவிட்டாள். மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நம் வீட்டுப் பச்சை மூடித் தைலம் இரண்டு டப்பா அனுப்பு. குழந்தையைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொள்கிறது. அதிலும் மெந்தால் உண்டே, வேலை முடிந்து வந்துதான் பூசுவேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அங்கே நீதான் தேய்த்துவிடுவாய். இங்கே நடுமுதுகுக்கு என் கை எட்டவில்லை.

அதற்காகத் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைக்காதே. முதுகில் தைலம் தேய்க்க நீளக் காம்பு மரக்கரண்டி வாங்கிவிட்டேன்.

தபால் நேரமாகிறது.

உன் தங்கை