வலப்பக்கக் கணினி

அன்புள்ள அப்பாவுக்கு,

"என் தப்பு சார்" என்று செவ்வாய்க்கிழமை நான் சொல்லவில்லை. அதை எழுதுவதற்கு முன்னால், உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குறுவை நடவு முடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, துபாய் வெயில்தான்.

எங்கள் சிறிய ஜெட் விமானங்களில் வழியைக் கணக்கிடும் கணினிகள் இரண்டு உண்டு. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை இரண்டிலும் புதுத் தகவல் ஏற்ற வேண்டும். திங்களன்று ஒரு விமானத்தின் வலப்பக்கக் கணினியில் ஏற்ற மறந்துவிட்டேன்.

"ரெண்டுலயும் ஏத்திட்டியாம்மா?" என்று, என் வேலையைச் சரிபார்க்கும் நாகூர் ஜாஃபர் சாதிக் அண்ணன் கேட்டார்.

"ஆச்சுண்ணே" என்றேன்.

"ஒரத்தநாட்டுப் பொண்ணு சொன்னா சரிதான்" என்று திரையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்த விமானத்தின் முதலாளி ஏறி உட்கார்ந்த பிறகு, இரண்டு கணினிகளும் ஒத்துவராமல் வேறு வேறு வழி காட்டின. அண்ணன் மூன்று மணி நேரம் ஒயர் ஒயராகச் சோதித்தார். எனக்குப் பத்தாவது நிமிடமே திரையில் பழைய தேதி தெரிந்துவிட்டது. அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரும் தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு பார்த்த வேலை இது?" என்று சென்னைக்கார மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"கையெழுத்து என்னுது சார்" என்றார் அண்ணன்.

நான் டார்ச்சை அணைத்தேன்.

மோர்மிளகாயை இனி கூரியரில் அனுப்புங்கள், கொண்டுவர ஆள் இல்லை. வீட்டுக்கு வருபவரைச் சாப்பிடாமல் அனுப்பிவிடாதீர்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

செம்மொழி

அண்ணனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.