யாரும் அணியாத பொத்தான்

சாலிஸ்பரி,
2 டிசம்பர்

என் ப்ரோன்வினுக்கு,

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இரண்டாவது நிமிடத்திலேயே என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சொல்ல வந்தது வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால் பள்ளி விடுமுறைகளில் எழுதிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன்.

இன்று உன் அண்ணன் கிரெய்க்கின் தொழிற்சாலையில் எனக்கு முதல் நாள். நேற்று இரவே சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டேன். நாற்பத்து நாலு வயதில் ஒருத்தி செய்யும் காரியமா என்று நீ சிரிப்பாய், சிரி. பதினெட்டு வருடம் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பிறகு மின்னணுவியல் படிக்கப் போனவளுக்கு இது சின்ன விஷயமில்லை. பன்னிரண்டு வாரம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து, அங்குள்ள பொறியாளர், இங்கே கிரெய்க்தான், கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம். எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன் என்று உனக்கே தெரியும். வயதைப் பார்த்ததும் பதில் நின்றுவிடும். நீ மட்டும் கிரெய்க்கிடம் பேசாமல் இருந்திருந்தால் இந்த டிசம்பர்க் கோடையும் வீணாகியிருக்கும்.

கழுத்தில் டாலர் மாதிரி மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான்கள்தான் இங்கே செய்கிறார்கள். தனியாக இருக்கும் முதியவர் விழுந்தால் அழுத்துவார், ஆள் வரும். நல்ல பொருள், இல்லையா? எனக்கென்று ஒரு மேசை, சால்டரிங் கோல், உருப்பெருக்கிக் கண்ணாடி. உடம்பின் மின்சாரம் மின்சுற்றுப் போர்டைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து மேசைக்கு ஒரு கம்பி. பக்கத்து மேசை டிராகானா, இருபது வருடமாக இங்கே போர்டு கோக்கிறவள், என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பயப்படாதடி, கட்டிப் போட்டிருக்கோம், ஆனா அடிக்க மாட்டோம்."

இவ்வளவு சந்தோஷமாக நான் எழுதி ரொம்ப நாளாகிறது.

உன்னால் இங்கே உட்கார்ந்திருக்கும்,
நரெல்


போர்ட் லிங்கன்,
9 டிசம்பர்

அடி எஞ்சினியரம்மா,

உன் கடிதத்தை என் புருஷன் ஸ்காட்டுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் சட்டையப் பத்தி இன்னொரு தடவ படி" என்றார். நீ நன்றி சொல்வதை முதலில் நிறுத்து. அப்பா விட்டுப்போன பங்கு எனக்கும் அந்தக் கம்பெனியில் இருக்கிறது. கிரெய்க்குக்கு ஒரு ஆளைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?

அவன் சத்தம் போடுவான், பொருட்படுத்தாதே. சின்ன வயதில் என் தலைமுடியை வேலியில் கட்டிவைத்தவன். மனசு கெட்டதில்லை.

இங்கே காற்று துணியைக் கொடியில் நிற்கவிடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை என்று இன்னும் கோபமாக இருக்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்.

முத்தங்களுடன்,
ப்ரோன்


சாலிஸ்பரி,
18 டிசம்பர்

ப்ரோன்,

இதைச் சாப்பிடும் நேரத்தில் படிக்காதே.

இரண்டு வாரமாக நான் ஒரு போர்டும் கோக்கவில்லை. திரும்பி வந்த பொத்தான்களைப் பிரிக்கிறேன். முதியவர் இறந்தாலோ, முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, வீட்டார் பொத்தானைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வந்து விழுகின்றன. கயிற்றை வெட்டி எறிய வேண்டும். மூடியை சூடான காற்றில் இளக்கித் திறக்க வேண்டும். சூடு பட்டதும் உள்ளிருந்து ஒரு வாசனை வருகிறது. பவுடர், வியர்வை, பழைய எண்ணெய், கொஞ்சம் சூப். ஒரு மனிதரின் கழுத்து வாசனை. விளிம்பில் சாம்பல் நிறத்தில் மெழுகு போல ஒன்று படிந்திருக்கும். அதைப் பல்குச்சியால் சுரண்ட வேண்டும். நேற்று ஒன்றில் ஒரு நீண்ட வெள்ளை முடி திருகாணியில் சுற்றியிருந்தது. இழுத்தேன், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கையுறையோடு போய்ப் பின்வாசலில் நின்றேன். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. அந்த அனலே தேவலை என்று இருந்தது.

கிரெய்க் கையில் பாதி கடித்த இறைச்சி பஃப்ஸோடு வந்தார். சாஸ் விரலில் வழிந்தது. "என்ன நரெல், மூக்கச் சுளிக்கிற? பல் டாக்டர்கிட்ட இதவிட மோசமா பாத்திருப்பியே!" என்று சிரித்தார். அந்த விரலை என் மேசை விரிப்பில் துடைத்துவிட்டுப் போனார்.

அழுக்கு எனக்குப் பெரிதில்லை. ஊறிய பல்செட்டுகளை வருடக்கணக்கில் கழுவியிருக்கிறேன். ஆனால் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, அடுப்பில் உலர்த்தி, புது மேல்மூடி போட்ட பிறகு இவை எங்கே போகின்றன தெரியுமா? புதுப் பெட்டிக்குள். மேலே ஒரு வெள்ளி ஸ்டிக்கர்: "புத்தம் புதியது. இதுவரை யாரும் அணியாதது." அந்த ஸ்டிக்கரையும் நான்தான் ஒட்டுகிறேன்.

டிராகானாவிடம் கேட்டேன். "யாரு கழுத்துல கெடந்துச்சுன்னு யோசிக்காத, மத்தியானச் சோறு எறங்காது" என்றாள். அன்று எனக்கு இறங்கவில்லை.

உனக்கு இது தெரியுமா?

நரெல்


போர்ட் லிங்கன்,
27 டிசம்பர்

அன்பு நரெல்,

உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று ஒதுக்கிவைத்தேன். நல்ல வேளை, இல்லாவிட்டால் பன்றித்தொடை யாருக்கும் இறங்கியிருக்காது.

கிரெய்க்கிடம் பேசினேன். "இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான். குப்பைல போடறதுக்குப் பதிலா திரும்பப் பயன்படுத்துறோம், பூமிக்கு நல்லது" என்றான். எனக்கும் அதில் பெரிய தப்பு தெரியவில்லை. ஹோட்டல் தலையணையில் நீ படுத்ததில்லையா? அந்த ஸ்டிக்கர் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த தடவை அவனைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

நீ எப்போதுமே கூச்சம் பிடித்தவள். விடுதிக் குளியலறையில் செருப்பைக் கழற்றவே மாட்டாய். பன்னிரண்டு வாரம்தானே, கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடு. பட்டம் கைக்கு வந்துவிட்டால் பிறகு நீ எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போகலாம்.

இங்கே ஒரு செய்தி: ஸ்காட்டின் அம்மா எனிட் எங்கள் பின்கட்டு வீட்டுக்குக் குடி வந்துவிட்டார். எண்பத்து மூன்று வயது. விரலெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுக்கிக்கொண்டுவிட்டது, ஆனால் வாய் மட்டும் நேராகவே இருக்கிறது. வந்த அன்றே என் திரைச்சீலையைப் பார்த்து, "ஆஸ்பத்திரில குடுத்தாங்களா?" என்றார்.

உன்
ப்ரோன்


சாலிஸ்பரி,
19 ஜனவரி

ப்ரோன்,

கூச்சம் என்று எழுதியிருந்தாய். மூன்று வாரம் அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். ஒருவேளை அதுதானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியைக் காலி செய்தேன்.

இனி நான் சொல்வது கூச்சம் இல்லை.

பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு சோதனை எந்திரத்தில் வைப்போம். காற்றழுத்தத்தில் ஓர் இரும்புக் கம்பி இறங்கிப் பொத்தானை அழுத்தும். சிக்னல் வந்தால் பச்சை விளக்கு. நான் கழுவியவை எல்லாவற்றுக்கும் பச்சைதான். ஆனால் போன வாரம் ஒன்றை விளையாட்டாகக் கையால் அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினேன். கட்டைவிரல் வெளுக்கும் வரை அழுத்திய பிறகே விளக்கு எரிந்தது.

மறுநாள் வீட்டிலிருந்து சமையல் தராசைக் கொண்டுபோனேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து பஞ்சுத் தட்டில் இருக்கும் புதுப் பொத்தானை அதில் வைத்து அழுத்தினால், முள் கால் கிலோவைத் தொடும் முன்பே விளக்கு எரிகிறது. நான் கழுவியதற்கு ஒன்றரைக் கிலோ. சிலவற்றுக்கு இரண்டுக்கும் மேல். ஸ்பிரிட்டும் அடுப்புச் சூடும் சேர்ந்து பொத்தானின் ரப்பரைக் கட்டையாக்கிவிடுகின்றன. சோதனை எந்திரத்தின் கம்பியோ நாலு கிலோ அழுத்துகிறது. அதை வடிவமைத்தவர்களுக்கு அழுத்தப்போகிற விரல் யாருடையது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

தராசோடு கிரெய்க்கிடம் போனேன்.

"என்னது, கேக் செய்யப்போறியா?"

காட்டினேன். அவரையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவர் கை உனக்குத் தெரியும், முழுக் கோழியைப் பிய்க்கிற கை. விளக்கு உடனே எரிந்தது.

"எரியுதுல்ல?"

"உங்களுக்கு எரியும். தரையில விழுந்து கெடக்கிற கிழவிக்கு எரியாது."

"மெஷின் பாஸ்னு சொல்லுதா இல்லையா? பாஸ்னா பாஸ். நீ இங்க கத்துக்க வந்திருக்க, கத்துக்குடுக்க இல்ல."

"மெஷினுக்கு எண்பது வயசாகலையே, கிரெய்க்."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். குரலை இறக்கி, கிட்டத்தட்டப் பாசமாகவே சொன்னார்: "இங்க பாரு, பிப்ரவரி கடைசியில உன் பேப்பர் என் மேசைக்கு வரும். ஒனக்கு வேற எவனும் எடம் குடுக்கலங்கறது ஞாபகம் இருக்கட்டும். தராசை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

எடுத்து வந்துவிட்டேன், ப்ரோன். மறுநாள் காலை போய் மறுபடி ஸ்டிக்கர் ஒட்டினேன். குமட்டல் இப்போது தொட்டியைப் பார்த்து வருவதில்லை. என் கையைப் பார்த்தால் வருகிறது. ரப்பரைக் கட்டையாக்குவது இந்தக் கைதானே.

நீ பங்குதாரர். நீ சொன்னால் நிற்கும். தயவுசெய்து சொல்.

நரெல்


போர்ட் லிங்கன்,
28 ஜனவரி

நரெல்,

உன் கடிதம் வந்ததிலிருந்து இங்கே யாரோடும் சரியாகப் பேச முடியவில்லை. ஒரு சமையல் தராசை வைத்துக்கொண்டு என் அண்ணனைக் கொலைகாரன் என்கிறாய். எனக்கு ரப்பரும் தெரியாது, சிக்னலும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நான். அங்கே நாற்பது பேர் பிழைக்கிறார்கள். உன் டிராகானாவும்தான். எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் உனக்கு என்ன கிடைக்கும்?

கிரெய்க் பேசியது சரியில்லை. கையெழுத்து விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு நான் பொறுப்பு. நீ பேசாமல் இருந்து அந்தச் சில வாரங்களை முடி. எனக்காக. நாம் முப்பது வருடச் சிநேகிதிகள், இதையெல்லாம் நமக்கு நடுவே கொண்டுவராதே.

உன்
ப்ரோன்

பின்குறிப்பு: எனிட் செவ்வாய்க்கிழமை குளியலறையில் வழுக்கிவிட்டார். அடி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் பயந்துவிட்டோம். அவருக்கு ஒரு பொத்தான் வேண்டும். கிரெய்க்கிடம் கேட்டால் கைக்கு வந்த பெட்டியை அனுப்பிவிடுவான். நீயே பார்த்து எடுத்து அனுப்பேன். உன் மேசையில் இருப்பது வேண்டாம். கப்பலில் வந்தவை பஞ்சுத் தட்டில் இருக்குமே, அதிலிருந்து. அவர் விரலைப் பற்றித்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேனே.


சாலிஸ்பரி,
7 பிப்ரவரி

ப்ரோன்வின்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். முதல் பக்கம் கோபம் தந்தது. கோபத்தோடு ஒருவரை நேசிக்க முடியும், நாம் எத்தனை தடவை செய்திருக்கிறோம். பின்குறிப்பைப் படித்த பிறகு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினேன். சோப்புப் போட்டு, முழங்கை வரை. தொட்டிக்குப் பிறகு கழுவுகிற மாதிரி.

ரப்பர் தெரியாது என்றாய். தராசைப் பழித்தாய். அதே பேனாவால், அதே தாளில், உன் வீட்டுக் கிழவிக்கு எது வேண்டாம் என்று சரியாக எழுதியிருக்கிறாய். இதோடு ஒப்பிட்டால் கிரெய்க்கின் சாஸ் விரல் எவ்வளவோ சுத்தம். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, அதனால் விற்கிறார். நீ நம்புகிறாய்.

எனிட்டுக்கான பொத்தான் இத்துடன் இருக்கிறது. பஞ்சுத் தட்டிலிருந்து எடுத்ததுதான். கேட்டு வாங்கினேன், திருடவில்லை. வீட்டில் தராசில் வைத்தும் பார்த்தேன். என் சுண்டுவிரலுக்கே எரிகிறது. எனிட் உன்னிடம் வந்து சேர்ந்தது அவர் குற்றமில்லை. கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடு, இல்லாவிட்டால் குனியும்போது கழுத்தை அறுக்கும்.

மற்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நான் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் போன வீடுகளில் இருப்பவர்களுக்கு, நல்லதாகப் பார்த்து அனுப்பு என்று எழுதிக் கேட்க உள்ளே ஒரு சிநேகிதி இல்லை.

வெள்ளிக்கிழமை மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்னும் மூன்று வாரம் இருந்தது. கிரெய்க் கையெழுத்துப் போட மாட்டார், நானும் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு பட்டத்தை மாட்டி எந்தச் சுவரில் தொங்கவிடுவேன்? பல்கலைக்கழகத்தில் பேசினேன். பாதியில் விட்ட வாரங்கள் செல்லாது, அடுத்த கோடையில் வேறோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். இடம் கிடைத்தால். அப்போது எனக்கு நாற்பத்தைந்து. டிராகானா வாசல் வரை வந்தாள். "முட்டாள்டி நீ" என்றாள். என் கைப்பையைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே திரும்பினாள். அவளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகளையும் தராசையும் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண். அவளையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை எரியவில்லை. இரண்டாவது தடவையும் எரியவில்லை. அவள் முகம் மாறியது. பிறகு எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டாள். கடைசியில், நிறுவனத்தில் வேறு யாருக்கெல்லாம் இது தெரியும் என்றாள்.

உன் பெயரைச் சொன்னேன். அவள் அதைத் தவறாக எழுதப் போனாள்.

எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

நரெல்