சால்வையும் கன்னமும்

மார்ச் 4
ஓர் எழுத்து மேலே ஏறுகிறது, ஒன்று கீழே விழுகிறது. நோட்டே, பொறுத்துக்கொள். எழுபது தாண்டி எழுதப் பழகியவன் நான். ஆட்டின் பின்னால் போனவன், பள்ளிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் சூரகான்தான் படித்துச் சொல்வாள். அவள் போனபின் யாரைக் கேட்பது? நூலகத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். இன்று என் மனைவியின் பெயரை நிறுத்தாமல் எழுதிவிட்டேன். சூரகான். சூரகான். என்ன சந்தோஷம்!

மார்ச் 11
அவள் இறந்து ஒரு வருஷம் நிறையும் விருந்துக்குள் கல்லறைக் கல்லில் அவள் படம் பதிய வேண்டும். கடைக்குட்டி மகன் மிர்லானோடு நாரின் நகரத்துக்குப் போனேன். அங்கே போட்டோவைப் பீங்கான் தகட்டில் அச்சிட்டுச் சுடுகிறார்கள். கடைக்காரி ஐஜமால் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "கம்ப்யூட்டர்ல தெரியிற இந்தச் சால்வைச் சிவப்பு பீங்கான் மையில வராது தாத்தா. எதையாவது விட்டுக்கொடுக்கணும். நிறத்தை மாத்த மூணு வழி இருக்கு. மூணையும் சின்னத் தகடா சுட்டு வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்க."

மார்ச் 18
பார்த்தோம்.

முதலாவதில் எல்லா நிறமும் சேர்ந்து ஒடுங்கிவிட்டன. சால்வையின் பூக்கள் தெரிகின்றன, ஆனால் கன்னம் நோயாளியின் கன்னம். இரண்டாவதில் மைக்கு எட்டிய நிறங்கள் உள்ளபடியே இருக்கின்றன. எட்டாத சிவப்பு மட்டும் ஒரே திட்டாக அப்பிவிட்டது; பூவுமில்லை, மடிப்புமில்லை. ஆனால் கன்னம் — வெயிலும் காற்றும் சுட்ட அந்தக் கன்னம் — அவளேதான். மூன்றாவதில் சால்வை கண்ணைப் பறிக்கிறது. பொம்மைக் கன்னம்.

"ரெண்டாவது" என்றேன்.

"அதுல சால்வையே காணோமேப்பா! சிவப்புச் சாக்கைப் போத்தின மாதிரி இருக்கு. மாஸ்கோவுல நான் கூலிக்குப் பனி அள்ளி அள்ளி வாங்கினது அது."

"போட்டோ எடுத்த அன்னிக்கு மட்டும்தான்டா போட்டா."

"அதனாலதான் படத்துலயாவது இருக்கட்டும்ங்கிறேன். மூணாவது வைப்போம். ரோட்டுல போற லாரிக்காரன்கூடப் பார்த்துட்டு தன் முகத்தைத் தடவி துவா செய்யணும். பக்கத்துக் கல்லுல காசிம் பொண்டாட்டி படம் எப்படி மின்னுது!"

"லாரிக்காரனாடா அவளோட குடும்பம் நடத்தினான்?"

ஐஜமால் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மிர்லான் சிரிக்கவில்லை.

மார்ச் 19
மூன்றாவதற்கே சொல்லிவிட்டானாம், போனில். எங்கள் வழக்கத்தில் வீடு கடைக்குட்டிக்கு, சொல்லும் அவனுடையது. நான் யாரு கேக்க? அவளோட வாழ்ந்தவன், அவ்வளவுதானே.

ஏப்ரல் 22
விருந்து முடிந்தது. குதிரை அறுத்தோம். வந்தவர்கள் எல்லாரும் கல்லைப் பார்த்து, "ராணி மாதிரி இருக்கா" என்றார்கள். நானும் பார்த்தேன். யார் இந்தப் பெண்?

ஏப்ரல் 29
நாரினுக்குப் போய் ஐஜமாலிடம் இரண்டாவது தகட்டைக் கேட்டேன்.

"போன்ல சொன்ன அன்னிக்கு சாயங்காலமே உங்க மகன் வந்து அதை வாங்கிட்டுப் போயிட்டாரே தாத்தா. உங்களுக்குன்னுல்ல நினைச்சேன்!"

மே 6
இன்று மிர்லானின் வண்டியில் ஏறினேன். வெயில் மறைப்பை இறக்கினேன். அதன் பின்னால் ஒரு தகடு செருகியிருந்தது. இரண்டாவது.

அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். மறைப்பை மெல்லத் தூக்கிவிட்டேன்.

அப்படியானால் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்குச் சால்வை, தனக்குக் கன்னம். எனக்கு?

இப்போது கண்ணை மூடினால் கல்லில் இருப்பவள்தான் வருகிறாள். அவள் முழுதாக இடம் பிடிப்பதற்குள், வரும் வாரம் அந்தக் கன்னத்தின் நிறத்தை இங்கே எழுதி வைத்துவிடுவேன். எழுத்து எல்லாம் தெரியும். சொல்தான் இன்னும் அகப்படவில்லை.