கேசட்டில் விழுந்த அலை

கிடார் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் இன்னும் பன்னீர் வாசம் அடிக்கிறது. நேற்று கிணத்துக்கடவில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டுக்காரர் ஒருவர் பன்னீர்ச் செம்போடு மேடைவரை வந்து, என் மேல் தெளித்ததோடு நிற்காமல், என் காலடியில் இருந்த பெடல்கள் மேலும் தாராளமாகத் தெளித்துவிட்டார். நீ இருந்திருந்தால் அவரை நிற்கவைத்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பாய். நான் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும், ஒரு பாட்டுக்கா இத்தனை சண்டை என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பாட்டுத்தான். பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் வருகிற அந்த மின்கிடார் சத்தத்துக்காகவே ஊரெல்லாம் விசிலடித்த பாட்டு. பீளமேட்டில் நாம் கல்லூரியில் படித்தபோது கேசட் கடையில் பதிவு செய்து வாங்கினோம். நான் கிடார். நீ உங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு. மெல்லிசைக் குழுவில் சேர்ந்த இரண்டு பெண்கள் பாடாமல் வாத்தியம் வாசிக்கிறார்களே என்று எல்லாரும் நம்மை வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சத்தத்தை அச்சாக மேடையில் கொண்டுவந்தால்தான் இவர்கள் வாய் அடங்கும் என்றாய். உனக்குக் கோபம் வந்தால்தான் வேலை ஓடும்.

மாதக்கணக்கில் முட்டிக்கொண்டோம். கரகரப்புக்காக நான் வாங்கிய பெடல், மிக்ஸியில் தேங்காய்ச் சில்லைப் போட்ட மாதிரிதான் கத்தியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த நீதான் ஒருநாள் கண்டுபிடித்தாய். "இது கிடார் மட்டும் இல்லைங்க அம்மணி. அடியில இன்னொண்ணு ஓடுது." நான் வாசிக்கிற அதே சுரங்களை நீ கீபோர்டில் சின்தசைசர் சத்தம் வைத்து, கூர்மையைக் குறைத்து, ஒரு மயிரிழை தாமதமாக வாசித்தாய். சத்தத்துக்கு உடம்பு வந்துவிட்டது. எனக்குச் சிலிர்த்துப்போனது.

கேசட்டில் கேட்கிற ஒரு அலை மட்டும்தான் பாக்கி. ஒவ்வொரு சுரமும் முடிகிற இடத்தில் லேசாக ஏறி இறங்கி ஆடும். அதற்கென்றே விற்கிற பெடலை வாங்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அந்த ஆட்டம் ஒரே சீராக இல்லாமல் ஒரு இடத்தில் வேகமாகவும் ஒரு இடத்தில் சோம்பலாகவும் இருந்தது. கடைசியில் நீ கீபோர்டின் ஓரத்திலிருக்கும் சுருதிச் சக்கரத்தில் இடது பெருவிரலை வைத்து, கையாலேயே ஆட்டினாய். எந்தச் சுரத்தில் எவ்வளவு ஆட்டம் என்று கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தாய். ரேடியோவில் அதே பாட்டு வந்தபோது அலை இல்லை. ரேடியோ சரியில்லை என்று நாமே முடிவு கட்டினோம்.

அதற்கப்புறம் கோயில் நோன்பி, கல்யாணம், கல்லூரி விழா என்று நாம் ஏறாத மேடை இல்லை. அந்தப் பாட்டை இரண்டாம் முறை கேட்காத கூட்டமும் இல்லை.

சரவணம்பட்டியில் உன் மகன் வேலைக்குச் சேர்ந்து வீடு பார்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இருவருக்கும் நல்ல ஹெட்ஃபோன் மாட்டி, பழைய ஒலிப்பதிவைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்ட அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினான். கிடார் இருந்தது, அடியில் சின்தசைசரும் இருந்தது. அலை மட்டும் இல்லை. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. கேசட் வாங்கிய கையோடு நீ முதல்முறை எங்கள் தோட்டத்துக்கு வந்த அன்று, உங்கள் அப்பாவின் காரில் கேசட்டைக் கண்ணாடியடியில் வெயிலில் விட்டவள் நான்தான். டேப் வெந்து நெளிந்துபோயிருக்கிறது. அந்த நெளிசலைத்தான் நாம் இத்தனை வருஷமாக உயிரைக் கொடுத்து வாசித்திருக்கிறோம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேலாவது திருத்திக்கொள்ளலாம் என்றேன். நீ டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னாய். "கேசட்டுக் கெட்டுப்போச்சு, செரி. அந்த ஆட்டத்தைக் கையில புடிச்சது நாமதான? யாரு வந்து சொன்னாலும் நான் அதை எடுக்கறதில்லை."

அப்புறம் நீ படுக்கையில் விழுந்தாய். குழு நடத்துகிறவர் உன் இடத்துக்கு ஆள் போடாமல் ஒரு லேப்டாப்பைப் போட்டார். பாட்டின் வாத்திய இசை முழுவதும் அதிலிருந்தே ஓடும், நான் கையை மட்டும் அசைத்தால் போதும் என்றார். இரண்டு மேடையில் அசைத்தேன். அதை இப்போது எழுதவும் கூசுகிறது. யாரோ அனுப்பிய வீடியோவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நீ என்னைக் கூப்பிட்டாய். "உன்ற விரலு ஒரு பக்கம் கிடக்குது, சத்தம் வேற பக்கம் வருது. இப்படி நிக்கறதுக்கு நீ ஊட்டுலயே இருந்திருக்கலாம்." நான் பதில் சொல்ல ஒரு மேடை கிடைப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இந்த ஐந்து மாதமாக வீட்டில் உட்கார்ந்து அந்தப் பதிலைத்தான் தயார் செய்தேன். கிடாரிலிருந்து ஒரு ஒயரை நேராகவும், இன்னொன்றை சின்தசைசர் சத்தம் தருகிற ஒரு பெடல் வழியாகவும் பிரித்து, இரண்டாவதை மயிரிழை தாமதமாக்கினேன். அலைக்குக் கிடாரின் அடியில் சுருதியை ஏற்றி இறக்குவதற்கென்று இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டப் பழகினேன். உன் பெருவிரல் செய்ததை என் உள்ளங்கை கற்றுக்கொள்ள நாளாயிற்று.

லேப்டாப்பை ஓட விட்டால் கிடாரைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிடுவேன் என்று நேற்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். குழு நடத்துகிறவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க, ட்ராக்குல சுத்தமா இருக்குதுங்க. உங்குளுது ஆடுதுங்க."

"ஆடட்டுங்க," என்றேன்.

அப்படியானால் அடுத்த வாரம் பொள்ளாச்சிக்கு என்னைக் கூப்பிட முடியாது என்றார். செரிங்க என்று சொல்லிவிட்டு சுருதி சேர்க்க ஆரம்பித்தேன்.

நேற்று காலையிலேயே உன் மகனிடம் லேப்டாப் இல்லாமல் வாசிக்கப் போவதாகச் சொன்னபோது, "அத்தை, அம்மா வாசிக்கிற எடத்தைச் சும்மா விட்டுருங்க. அது ஒரு மரியாதையா இருக்கும்" என்றான். நல்ல பிள்ளை. மேடையில் உன் சத்தம் கேட்காவிட்டால் உனக்கு எப்படிக் கோபம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. உன் இடத்தை நான் சும்மா விடவில்லை. உன் பங்கையும் நானே வாசித்தேன், அலையோடு, என்னுடையதைவிட உன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்து.