காலிப் போத்தல்

பிள்ளையின் அப்பாவுக்கு,

நீங்கள் கலஹாவிலிருந்து வரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கீழாநெல்லிச் சாற்றைக் கொட்டிவிட்டேன். போனில் சொன்னால் சண்டை வரும், அதனால் காலிப் போத்தலோடு இதையும் அனுப்புகிறேன்.

மழையில் நனைந்து பறித்திருப்பீர்கள், தெரியும். ஆனால் மகளின் கண் மஞ்சளானது நாம் நினைத்த காமாலையால் அல்ல. இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்தே ஈரலைத் தாக்கியிருக்கிறது. போன வாரம் நான் இரண்டு வேளை சாறு கொடுத்ததையும் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். "நல்லவேளை சொன்னீங்க, இனி ஒரு சொட்டும் வேணாம்" என்றார். ஈரல் தேறியதும் அளவைக் குறைத்து மருந்தை மறுபடி தொடங்குவார்கள்.

மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்றதும் அவளை வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னீர்கள். வரமாட்டேன். மருந்தைக் கண்டாலே வாந்தியெடுக்கும் உங்கள் மகள் இன்று நர்ஸ் மிஸ்ஸிடம், "எனக்கு மட்டும் ஏன் மருந்து இல்ல?" என்று சண்டை பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வாருங்கள். மறுபடி மருந்தேற்ற ஊசி குத்தும்போது பிடித்துக்கொள்ள அவளுக்கு உங்கள் இரண்டு கையும் வேண்டும்.

அவள் அம்மா